எந்த ராஜ்யத்துக் காகிதம்

தோவாளைப் பூச்சந்தையில் இருந்து கிழக்கே போகிற சாலை கொஞ்ச தூரத்திலேயே ஆரல்வாய்மொழிக் கணவாயை எட்டிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ முடிகிற இடம். முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும். இன்றைக்குத் திருநெல்வேலி பஸ்ஸில் போகிறவருக்குக் கணவாய் தாண்டியது தெரிவது, ஜன்னல் வழியாக முகத்தில் அடிக்கிற காற்றினால்தான். ஆனால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் மலைக்கு அந்தாண்டை இருப்பதை 'பாண்டி' என்றுதான் சொல்வார்கள். 'பையனுக்குப் பாண்டியில பொண்ணு எடுத்திருக்கு' என்றால், வள்ளியூரோ நாங்குநேரியோ ஏதோ ஒன்று. அந்தச் சொல்லில் லேசான இளக்காரமும், வெளிநாட்டைப் பற்றிப் பேசுகிற தொனியும் இருக்கும்.

அது வெறும் தொனி இல்லை. 1947 வரை அது வெளிநாடேதான். இந்தப் பக்கம் திருவிதாங்கூர், அந்தப் பக்கம் பிரிட்டிஷ் இந்தியாவின் திருநெல்வேலி ஜில்லா. கணவாயை அடைத்துக் கோட்டைச் சுவர் இருந்தது. கடற்கரையில் வட்டக்கோட்டை வரைக்கும் நீண்ட அரண் அது. டச்சுக் கம்பெனிப் படையில் இருந்து வந்த டிலனாய் திருவிதாங்கூர் படைக்குத் தளபதியாக இருந்த காலத்தில் பலப்படுத்தப்பட்டது. வேலுத்தம்பி தளவாயின் கலகத்தின்போது, 1809 பிப்ரவரி 10-ஆம் தேதி, கம்பெனிப் படை அதைப் பிடித்துக்கொண்டுதான் நாஞ்சில்நாட்டுக்குள் இறங்கியது. கோட்டை போனபிறகும் சவுக்கை போகவில்லை. புகையிலையும் மிளகும் சமஸ்தானத்தின் ஏகபோகமாக இருந்த நாட்களில், ஆரல்வாய்மொழிச் சவுக்கையைத் தாண்டி ஒரு சிப்பம் புகையிலை வருவது பெரிய சங்கதி. 1865-இல் திவான் மாதவராவ் காலத்தில் பிரிட்டிஷ் இந்தியாவோடும் கொச்சியோடும் ஒரு வர்த்தக ஒப்பந்தம் ஏற்பட்டு, பெரும்பாலான சரக்குகளுக்கு எல்லைச் சுங்கம் விலக்கப்பட்டது. பதிலுக்குத் திருவிதாங்கூர் தன் உப்பு விலையைப் பிரிட்டிஷ் விலைக்கு உயர்த்தவேண்டி வந்தது.

சரக்குக்குக் கதவு திறந்தாலும் மற்ற எல்லாம் தனித்தனிதான். தபால் தனி. திருவிதாங்கூரின் தபாலுக்கு அஞ்சல் என்று பெயர். இந்தியத் தபாலோடு அது இணைந்தது 1951-இல். நாணயம் தனி. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். ஆக 28 சக்கரத்துக்கு ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆனால் பிரிட்டிஷ் ரூபாய் வேண்டுமென்றால் இருபத்தெட்டரைச் சக்கரம் கொடுக்கவேண்டும். வெள்ளிச் சக்கரம் மிகப் பொடிசு. குழி வெட்டிய மரப்பலகையில் கொட்டி, ஆட்டி, குழி நிரம்பியதை வைத்துத்தான் எண்ணுவார்கள். அந்த அரைச் சக்கர வித்தியாசம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பக்கத்தூரில் கடன் வைத்திருந்த ஒரு வியாபாரி, நாட்டுக்கு நாடு என்ன வேறுபாடு என்பதை அந்த அரைச் சக்கரத்தில் தினமும் உணர்ந்திருப்பார்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் ஒரு வாட்ஸ்அப் குழு. எனக்குத் தெரிந்த மூன்று பேர் சேர்ந்து ஒரு மென்பொருள் நிறுவனம் தொடங்க முடிவு செய்தார்கள். மீன் ஏற்றுமதி செய்கிறவர்களின் குளிர்பதனக் கிடங்குகளுக்கான மென்பொருள். ஒருவர் நாகர்கோவிலில், ஒருவர் சென்னையில், ஒருவர் கலிபோர்னியாவில். மென்பொருள் எழுத மூன்று மாதம் ஆயிற்று. கம்பெனியை எந்த நாட்டில் பதிவு செய்வது என்ற பேச்சு அதைவிட நீண்டது. அமெரிக்காவின் டெலவேர் மாநிலமா, சிங்கப்பூரா, இந்தியாவா? டெலவேரில் பதிவு செய்தால் அமெரிக்க முதலீட்டாளர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். சிங்கப்பூரில் கம்பெனி வரி 17 சதவீதம். இந்தியா என்றால் ஆட்கள் இங்கேயே இருக்கிறார்கள். எல்லோரும் எக்செல் தாளில் வரி, செலவு, நாள் கணக்கு என்று பத்தி பத்தியாக நிரப்பினார்கள். 'மக்கா, நீ வரலாறெல்லாம் படிக்கிறவன்லா, ஏதாவது சொல்லு' என்று நாகர்கோவில்காரர் என்னை உள்ளே இழுத்தார். எனக்குத் தோன்றியது, அந்தத் தாளில் இல்லாத ஒரு பத்தி இருக்கிறது என்பதுதான். அதற்கு எங்கள் மாவட்டத்திலும் அதன் பழைய ராஜ்யத்திலும் ஏற்கெனவே சிலர் விலை கொடுத்திருக்கிறார்கள்.

*

தோவாளையில் இருந்து மேற்கே, நாகர்கோவிலைத் தாண்டிக் கடற்கரைக்குப் போனால் மணவாளக்குறிச்சி. அங்கே மணல் கறுத்திருக்கும். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரில் இருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அன்றைக்கு மோனசைட் என்றால் இன்றைக்குச் 'சிப்' என்பது மாதிரி. ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குகள் எரிவாயுவில் எரிந்தன; அந்த விளக்கின் மேண்டிலுக்குத் தோரியம் வேண்டும்; தோரியம் மோனசைட்டில் இருந்து வரும். அந்தத் தொழிலில் ஜெர்மனியின் கை ஓங்கியிருந்தது. ஷோம்பர்க் மணவாளக்குறிச்சிக்கே வந்து மணலைப் பிரிக்கிற ஆலையைத் தொடங்கினார்.

1914-இல் போர் வந்தது. மணல் திருவிதாங்கூர் மகாராஜாவுக்குச் சொந்தம், வேலையாட்கள் உள்ளூர்க்காரர்கள், சரக்கு யாருக்கும் தீங்கு செய்யாத விளக்குத் திரிக்கு. ஆனால் ஆள் ஜெர்மன். அதோடு அவர் கதை அங்கே முடிந்தது. பிரிட்டிஷ் நிறுவனங்கள் அந்த மணலுக்கு வந்தன. (சுதந்திரத்துக்குப் பிறகு 1950-இல் உருவான இந்திய அருமணல் ஆலை நிறுவனம் இன்றும் மணவாளக்குறிச்சியில் இருக்கிறது. அந்த மணலைப் பற்றிய சண்டையும் இருக்கிறது. அது தனிக் கட்டுரை.)

இதே சமயத்தில் லண்டனில் நடந்த ஒரு வழக்கைச் சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். கான்டினென்டல் டயர் நிறுவனத்தின் பிரிட்டிஷ் கிளை, டைம்லர் நிறுவனத்திடம் பாக்கி கேட்டது. கிளை இங்கிலாந்தில் முறையாகப் பதிவான ஆங்கிலக் கம்பெனி. ஆனால் ஏறத்தாழ எல்லாப் பங்குகளும் ஜெர்மானியர்கள் கையில். 1916-இல் பிரபுக்கள் சபை சொன்னது: காகிதம் ஆங்கிலக் காகிதம்தான், இருந்தாலும் அதை நடத்துகிறவர்கள் எதிரி நாட்டவர் என்றால் கம்பெனியும் எதிரிதான். அதற்குப் பத்து வருடம் முன்பு, 1906-இல், அதே சபை வரி வழக்கொன்றில் இதன் இன்னொரு பக்கத்தைச் சொல்லியிருந்தது. டி பீர்ஸ் வைரச் சுரங்கக் கம்பெனி தென்னாப்பிரிக்காவில் பதிவானது, சுரங்கமும் அங்கேதான். ஆனால் முடிவுகள் லண்டனில் எடுக்கப்பட்டன. ஆகவே கம்பெனி 'வசிப்பது' லண்டனில், வரியும் லண்டனுக்கு.

இந்தியாவும் இந்தத் தர்க்கத்துக்கு வந்து சேர்ந்தது. 2017 ஏப்ரலில் இருந்து, வெளிநாட்டில் பதிவான கம்பெனியின் உண்மையான நிர்வாக முடிவுகள் இந்தியாவில் இருந்து எடுக்கப்பட்டால் அதை இந்தியக் கம்பெனியாகவே கருதி வரி போடலாம். சின்ன நிறுவனங்களுக்கு விலக்கு இருக்கிறது, சரி. ஆனால் டெலவேரில் பதிவு செய்துவிட்டு நாகர்கோவிலில் டீ குடித்தபடி முடிவெடுக்கிறவர்கள், வளர்ந்தபிறகாவது இதைச் சந்தித்தே ஆகவேண்டும்.

*

நான் மிகுந்த நேரம் செலவிட்டது ஒரு வங்கியின் கதையில். மென்பொருள் இல்லையே என்று நண்பர்கள் கேட்டார்கள். ஆனால் 1930-களின் திருவிதாங்கூரில் வங்கிதான் ஸ்டார்ட்அப். கொஞ்சம் முதல், நாலு பெரிய மனிதர்களின் பெயர், ஒரு பெயர்ப்பலகை இருந்தால் தொடங்கிவிடலாம். சிட்டி நடத்திப் பழகிய ஊர். ரப்பரும் தேயிலையும் மிளகும் பணமாக மாறிக்கொண்டிருந்த காலம். சிறு வங்கிகள் மத்திய திருவிதாங்கூரில் முளைத்த வேகத்தைப் பார்த்தால், பெங்களூருவின் கோரமங்களா ஞாபகம் வருகிறது.

அவற்றில் இரண்டு பெரிதாக வளர்ந்தன. ஒன்று, 1912-இல் திருவல்லாவில் கே.சி. மாம்மன் மாப்பிள்ளை தொடங்கிய திருவிதாங்கூர் நேஷனல் வங்கி. மாம்மன் மாப்பிள்ளை 'மலையாள மனோரமா' நாளிதழின் ஆசிரியரும்கூட. மனோரமாவே 1888-இல் கூட்டுப்பங்குக் கம்பெனியாகக் கோட்டயத்தில் தொடங்கப்பட்டதுதான். அதாவது அந்தக் குடும்பத்துக்குப் பங்குச் சான்றிதழ் புதிது கிடையாது. இன்னொன்று, 1919-இல் சி.பி. மாத்தன் தொடங்கிய குயிலான் வங்கி. 1937-இல் இரண்டும் இணைந்தன. திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி என்று நீளமான பெயர். அன்றைய இந்தியாவின் நான்காவது பெரிய வங்கி அது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது.

இணைந்தபோது அவர்கள் எடுத்த முடிவுதான் நம் விஷயம். பதிவு அலுவலகம் கொல்லத்தில், திருவிதாங்கூர்ச் சட்டத்தின் கீழ். நிர்வாகத் தலைமையகம் சென்னையில். இன்றைய பாஷையில் சொன்னால், பதிவு ஒரு நாட்டில், செயல்பாடு வேறு நாட்டில். அதற்கு நல்ல காரணங்களும் இருந்தன. டெபாசிட் வளர்ச்சி பிரிட்டிஷ் இந்தியாவில்தான். 1935-இல் தொடங்கிய ரிசர்வ் வங்கியின் அலுவலகம் சென்னையில் இருந்தது, திருவனந்தபுரத்தில் இல்லை. அதோடு இன்னொரு காரணமும் இருந்திருக்கும் என்பது என் ஊகம். 1936 அக்டோபரில் சர் சி.பி. ராமசாமி ஐயர் திருவிதாங்கூருக்குத் திவானாக வந்திருந்தார். அதற்கு முந்தைய ஆண்டுகளில் சட்டசபைப் பிரதிநிதித்துவம் கேட்டு ஈழவர்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் சேர்ந்து நடத்திய நிவர்த்தனப் போராட்டத்தில், மனோரமா எந்தப் பக்கம் இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அரசோடு உறவு கசக்கிற இடத்தில் பெட்டியை வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைப்போம் என்று ஒரு வியாபாரி நினைப்பதில் வியப்பில்லை.

1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் உருவானது. அதற்கு வங்கி பணம் கொடுக்கிறது என்று அரசுத் தரப்பு நம்பியது. அந்த வருடம் கோடையில் டெபாசிட் போட்டவர்கள் வரிசை கட்டிப் பணத்தை எடுக்கத் தொடங்கினார்கள். வங்கி ரிசர்வ் வங்கியின் கதவைத் தட்டியது. ரிசர்வ் வங்கிக்கு அப்போது வயது மூன்று. கணக்குகள் வேண்டும், ஏற்கத்தக்க ஈடு வேண்டும் என்று கேட்டது. கிடைத்தவை போதவில்லை என்று கைவிரித்துவிட்டது. ஜூன் மாதம் வங்கி கதவடைத்தது.

திவான் வேண்டுமென்றே கவிழ்த்தார் என்பது ஒரு தரப்பு. பாலன்ஸ் ஷீட்டே பொய், கவிழவேண்டியது கவிழ்ந்தது என்பது மறுதரப்பு. எண்பது வருடம் தாண்டியும் இந்த வழக்கு ஓயவில்லை. இரண்டுமே ஒருசேர உண்மையாக இருக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஓட்டை உள்ள படகைக் கவிழ்க்க அதிக பலம் தேவையில்லை. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. விழுகிற நேரத்தில், இந்த வங்கியைத் தாங்கவேண்டியது என் பொறுப்பு என்று எந்த அரசும் சொல்லவில்லை. திருவிதாங்கூருக்கு அது சென்னைக்கு ஓடிப்போன வங்கி. பிரிட்டிஷ் இந்தியாவுக்கு அது ஒரு சமஸ்தானத்து வங்கி. இரண்டு இடத்திலும் வாடகை கொடுத்தவர்களுக்கு, மழை பெய்தபோது இரண்டு வீட்டுக் கூரையும் சொந்தமில்லை.

தாங்கத்தான் யாரும் இல்லை; பிடிக்க வழி இருந்தது. 1938 அக்டோபரில் மாம்மன் மாப்பிள்ளை, மாத்தன் உள்ளிட்டவர்கள் சென்னையில் கைது செய்யப்பட்டுத் திருவிதாங்கூருக்கு ஒப்படைக்கப்பட்டார்கள். அப்போது சென்னை மாகாணத்தில் ஆட்சியில் இருந்தது ராஜாஜியின் காங்கிரஸ் அமைச்சரவை. கணவாய்க்கு இந்தப் பக்கம் காங்கிரஸோடு சேர்ந்தார்கள் என்று பழிக்கப்பட்டவர்கள், அந்தப் பக்கம் காங்கிரஸ் ஆண்ட மாகாணத்தில் இருந்து கொண்டுவரப்பட்டார்கள். சமஸ்தானங்களுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் இடையே ஆளை ஒப்படைக்க 1903-ஆம் வருடச் சட்டம் இருந்தது. எல்லைச் சவுக்கையில் புகையிலையைச் சோதித்தவர்களைவிட அந்தச் சட்டத்தின் கை நீளம். திருவனந்தபுரத்தில் வழக்கு, தண்டனை, சிறை. கைதானவர்களில் ஒருவர் சிறையிலேயே இறந்தார். வங்கியைக் கலைக்கிற வழக்கு மட்டும் சென்னை உயர்நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் ஓடியது.

இதற்கு இடையில் பத்திரிகைக்கு நடந்ததையும் சொல்லவேண்டும். 1938 செப்டம்பரில் மனோரமாவின் உரிமத்தை ரத்து செய்து அச்சகத்துக்குச் சீல் வைத்தார்கள். மனோரமா எல்லை தாண்டிக் கொச்சி சமஸ்தானத்தில் இருந்த குன்னங்குளத்துக்குப் போய், அங்கிருந்து சில மாதங்கள் வெளிவந்தது. எழுத்தாளர்களும் வாசகர்களும் அவர்களேதான், ராஜா மட்டும் வேறு. சர்வரை வேறு நாட்டுக்கு மாற்றுகிற இன்றைய உத்திக்கு, எனக்குத் தெரிந்தவரை, மிகப் பழைய முன்னுதாரணங்களில் ஒன்று இது. ஆனால் அதுவும் நீடிக்கவில்லை. கோட்டயத்தில் மனோரமா மறுபடி வெளிவந்தது 1947 நவம்பரில், சி.பி. பதவியைவிட்டுப் போனபிறகு.

*

மாம்மன் மாப்பிள்ளையின் மகன்களில் ஒருவர் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை. தந்தை சிறையில் இருந்த வருடங்களில் அவர் சென்னையில் இளைஞர். படித்தது கிறிஸ்தவக் கல்லூரியில். 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகை எடுத்துப் பலூன் செய்யத் தொடங்கினார். தயாரித்த பலூன்களைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்றார். 1952-இல் டயருக்கு மேல் ஒட்டுகிற டிரெட் ரப்பர். 1961-இல் அமெரிக்காவின் மேன்ஸ்ஃபீல்டு நிறுவனத்தோடு கூட்டு, டயர் தயாரிப்பு. அந்த நிறுவனம்தான் எம்.ஆர்.எஃப்., விரித்தால் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி.

இந்தப் பெயரைச் சின்ன வயதில் இருந்து கிரிக்கெட் மட்டையில் பார்க்கிறோம். அதில் உள்ள முரண் கண்ணில் படுவதில்லை. சென்னையில் ரப்பர் விளையாது. ரப்பர் விளைவது திருவிதாங்கூரின் மலைச்சரிவுகளில், எங்கள் மாவட்டத்து மேற்கு மலையடிவாரம் உட்பட. மூலப்பொருள் கிடைக்கிற இடத்தில் ஆலை வைப்பது என்று பொருளாதாரப் பாடம் சொல்லும். சொந்த ஊர், சொந்தபந்தம், ரப்பர் தோட்டம் எல்லாம் அந்தப் பக்கம் இருக்க, இருபத்துநாலு வயதுப் பையன் திருவொற்றியூரில் கொட்டகை போட்டிருக்கிறார். 1946-இல் திருவனந்தபுரத்தில் சி.பி.தான் திவான். 1947 ஜூனில் அவர் திருவிதாங்கூரைத் தனிச் சுதந்திர நாடாகவே அறிவிக்கப் போவதாகச் சொன்னார்; ஜூலை 25-ஆம் தேதி அவரை ஒருவர் வெட்டினார், பிறகுதான் இந்தியாவோடு சேர மகாராஜா ஒப்புக்கொண்டார். இந்தப் பின்னணியில் அந்தக் கொட்டகையின் விலாசம் பொருளாதாரத்தால் மட்டும் வந்தது என்று நான் நம்பவில்லை. தந்தையின் கம்பெனி பதிவால் திருவிதாங்கூர், புழக்கத்தால் சென்னை. மகனின் கம்பெனி பேரிலேயே மெட்ராஸ்.

எல்லை தானாகவே நகர்ந்துவிடுவதும் உண்டு. செட்டிநாட்டு நகரத்தார்கள் ரங்கூனில் கடை போட்டபோது பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அங்கே தொழில் செய்வது வெளிநாட்டுத் தொழிலே இல்லை. 1937 ஏப்ரல் 1-ஆம் தேதி, அதாவது நம் வங்கிகள் இணைந்த அதே வருடம், பர்மா தனியாகப் பிரிக்கப்பட்டது. பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் அவர்கள் கைக்கு வந்திருந்தது. விரும்பி வாங்கியது குறைவு. ஆனால் நிலத்தைப் பெட்டியில் மடித்து எடுத்து வரமுடியாது. 1942-இல் ஜப்பானியப் படை. 1948-இல் சுதந்திர பர்மாவின் நில தேசியமயச் சட்டம். செட்டியார்கள் நாட்டைத் தேர்ந்தெடுப்பதில் தவறு செய்யவில்லை. அவர்கள் தேர்ந்தெடுத்த நாடு இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான்.

தோவாளையும் ஒருவகையில் அப்படித்தான். இருந்த இடத்தைவிட்டு அசையாமல் 1949-இல் திருவிதாங்கூர்-கொச்சிக்குள், 1956 நவம்பர் 1-இல் சென்னை மாநிலத்துக்குள் வந்தது. கிழக்கே ஆரல்வாய்மொழியில் இருந்த எல்லை மேற்கே களியக்காவிளைக்குப் போனது. பூ மட்டும் முன்னைப்போலவே திருவனந்தபுரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஓணத்துக்கு முந்தின நாட்களில் சந்தையில் நின்று பார்த்தால், எந்த மாநிலத்துச் சந்தை என்று குழம்பும்.

*

டெலவேர் எப்படி டெலவேர் ஆனது என்பதற்கும் ஒரு எல்லைக் கதை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கப் பெருநிறுவனங்கள் பதிவு செய்துகொண்டது நியூஜெர்சியில். 1913-இல் அங்கே ஆளுநராக இருந்த உட்ரோ வில்சன் ஏழு கடுமையான சட்டங்களைக் கொண்டுவந்தார். கம்பெனிகள் மூட்டையைக் கட்டின. பக்கத்தில் டெலவேர் 1899-இலேயே தாராளமான சட்டத்தோடு காத்திருந்தது. இன்று அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அங்கே பதிவானவை. போவதற்குச் சொல்லப்படுகிற காரணம் வரி இல்லை, நீதிமன்றம். 1792-இல் இருந்து நடக்கிற சான்சரி நீதிமன்றம். கம்பெனி வழக்குகளைப் பார்த்துத் தேர்ந்த நீதிபதிகள். அந்த நம்பிக்கையும் நிரந்தரம் கிடையாது. 2024 ஜனவரியில் அந்த நீதிமன்றம் எலான் மஸ்கின் சம்பளத் திட்டத்தை ரத்து செய்தது. ஜூன் மாதம் டெஸ்லா தன் பதிவை டெக்சாஸுக்கு மாற்றிக்கொண்டது.

நம் ஊர்க் கம்பெனிகள் எதிர்த்திசையிலும் நடக்கின்றன. போன்பே சிங்கப்பூரில் இருந்த தன் பதிவை 2022-இல் இந்தியாவுக்கு மாற்றியபோது, முதலீட்டாளர்கள் கட்டிய வரி ஏறத்தாழ 8,000 கோடி ரூபாய். வெளியே போகும்போது சில ஆயிரம் டாலரில் முடிகிற காரியம், திரும்பி வரும்போது இந்த விலை. எல்லை தாண்டுவதற்கு ஆரல்வாய்மொழியில் கட்டிய சுங்கத்தைப் போல அல்ல இது. வளர்ந்த உயரத்துக்கு வரி.

ஆனால் என் நண்பர்களின் எக்செல் தாளில் இல்லாத பத்தி என்று நான் சொன்னது, 2023 மார்ச்சில் எல்லோர் கண்முன்னும் நடந்தது. மார்ச் 10, வெள்ளிக்கிழமை சிலிக்கான் வேலி வங்கி மூடப்பட்டது. டெலவேரில் பதிவு செய்த நூற்றுக்கணக்கான இந்திய நிறுவனங்களின் பணம் அதில் இருந்தது. டெபாசிட் காப்பீட்டு வரம்பு இரண்டரை லட்சம் டாலர்தான். பெங்களூருவிலும் சென்னையிலும் மாதச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாத இரண்டு ராத்திரிகள். ஞாயிற்றுக்கிழமை அமெரிக்க அரசு, வரம்பைப் பார்க்காமல் எல்லா டெபாசிட்டும் முழுதாகக் கிடைக்கும் என்று அறிவித்தது. 1938 ஜூனில் சென்னையில் கிடைக்காத வாக்கியம் அது. அந்த அறிவிப்பால் பிழைத்த இந்திய நிறுவனங்கள், அமெரிக்காவின் வங்கியில் வாடிக்கையாளர் என்பதால் பிழைத்தன. அங்கே அவர்களுக்கு ஓட்டும் இல்லை, ஊரும் இல்லை. தனக்கு ஆபத்து என்று அமெரிக்கா நினைத்ததால் காப்பாற்றியது. நினைக்காமல் போயிருந்தால் யாரிடம் போய் மனு கொடுத்திருப்பார்கள்?

குழுவில் இதை எழுதினேன், கொஞ்சம் நீளமாகவே. கலிபோர்னியாக்காரர், 'அதுக்குத்தான் டெலவேர்னு சொல்றேன், பாரு காப்பாத்திட்டான்' என்றார். நாகர்கோவில்காரர், 'மூணு பேருல ரெண்டு பேரு இங்கதான் கெடக்கோம். வாடிக்கைக்காரன் தூத்துக்குடியிலயும் கொச்சியிலயும் இருக்கான். ஏதாவது ஆச்சுன்னா போலீசும் வரி ஆபீசரும் எங்க வீட்டுக்குத்தான் வருவான். அப்போ வக்கீலும் இங்க இருக்கட்டும்' என்றார். எனக்கு இரண்டாவது பேச்சு வலுவாகப் பட்டது. மாம்மன் மாப்பிள்ளையின் கம்பெனி எங்கே பதிவாகியிருந்தாலும் அவர் உடம்பு சென்னையில் இருந்தது. அந்த உடம்பைத்தான் பிடித்துக்கொண்டு போனார்கள். பதிவு ஓரிடத்திலும் உடம்பு வேறிடத்திலும் இருக்கும்போது, நடுவில் உள்ள தூரத்துக்கு யாராவது வட்டி கட்டியாகவேண்டும். மலைக்கு அந்தாண்டை தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் நடத்தி உலகத்துக்கே மென்பொருள் விற்கிறது என்பதையும் ஞாபகப்படுத்தினேன். அமெரிக்க முதலீட்டாளர் பணம் வாங்காமல் வளர்ந்த நிறுவனம் அது, எல்லோருக்கும் அந்தப் பொறுமை வராது என்று பதில் வந்தது. அதுவும் நியாயம்தான்.

இறுதியில் இந்தியாவில் பிரைவேட் லிமிடெட் என்று முடிவாயிற்று. வெளிநாட்டு வாடிக்கையாளர் வந்தால் அமெரிக்காவில் ஒரு துணை நிறுவனம், அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். கலிபோர்னியாக்காரருக்கு இன்னமும் மனம் ஒப்பவில்லை. அடுத்த வருடம் முதலீடு தேடும்போது நான் சொன்னது புரியும் என்கிறார், புரியலாம்.

வங்கிக் கணக்கு தொடங்குகிற அன்று நாகர்கோவில்காரர் கூப்பிட்டார். எந்த வங்கி என்று கேட்டேன். 'உன் கதையக் கேட்டப்புறம் ஒண்ணுல போட மனசு வரல பாத்துக்க' என்றார். இரண்டு வங்கியில் தொடங்கியிருக்கிறார்கள்.